செவுளில் பட வேண்டிய வெயில்

காளான் கூடத்தின் இருட்டில் பாதி ஆயுசைக் கழித்தவருக்கு வெளியே வந்தால் நிழல் விழாது என்று ஒரு பேச்சு இருந்தது. அது பொய். நிழல் விழும். வெயில் பழக்கமில்லாத நிழல் என்பதால் கண் கூசி அவருக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். உடம்பு வெளுப்பு அப்படி. ஒரு தடவை கூடத்தில் மின்சாரம் போனபோது அவர் சட்டையைக் கழற்றி நின்றாராம். அந்த வெளிச்சத்திலேயே மற்றவர்கள் கூடைகளைக் கட்டி முடித்தார்களாம். இதைச் சொன்னதும் அவரேதான். சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. சிரிப்பதா, தலையாட்டுவதா என்று தெரியாமல் கேட்பவர்கள் திண்டாடுவார்கள்.

அவருக்குப் பெயர் குடை. தண்டு மாதிரி உடம்பு, அதன் மேல் நாலா பக்கமும் கவிந்த முடி. வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

கூடம் அவருடைய சொந்தத் தம்பியுடையது. தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், அண்ணன் உள்ளே படுக்கைக்குத் தண்ணீர் தெளிப்பார். கூடப்பிறந்தவன் என்பதால் திட்டும்போது மட்டும் தம்பி கொஞ்சம் கூடுதல் உரிமை எடுத்துக்கொள்வான்.

உள்ளே அடுக்கடுக்காக மண் படுக்கைகள். ஜன்னல் கிடையாது. சுவரைத் தொட்டால் வேர்த்த முதுகைத் தொட்டது போல ஈரம் ஒட்டும். மூடிய கதவுக்குள் ஒரே காற்றைப் பத்துப் பதினைந்து பேர் மாற்றி மாற்றி மூச்சு விடுவார்கள். அதில் வெட்டுக்கிளி என்று ஒருத்தி. காளானைக் கத்தியால் வெட்டி எடுக்கிற வேலை. அடுக்குக்கு அடுக்கு தாவி அவள் வெட்டுகிற வேகத்துக்கு அந்தப் பெயர் வந்தது. புருஷன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் அவன் சாலையில், மீதி நாள் தூக்கத்தில். குடையை அவள் அண்ணே என்பாள். அவர் விடுகிற கதைகளுக்கெல்லாம் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே ஆள் அவள்தான் என்பதால், அவருக்கும் அவள் தங்கச்சிதான்.

காளானுக்கும் மனிதத் தோலுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வெயில் பட்டால் உள்ளே வைட்டமின் டி ஊறும். தம்பி இதை எங்கேயோ ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து காளானின் மூடியைக் கொஞ்சம் விரியவிட்டு வெட்டச் சொன்னான். வெட்டியதை முற்றத்தில் தட்டுத் தட்டாகக் கவிழ்த்துப் பரப்பி உச்சி வெயிலில் காயப் போட வேண்டும். வெயில் மூடியின் முதுகில் பட்டால் பாதிப் பலன்தான். அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கிற செவுளில் நேராகப் படவேண்டும். பிறகு உறையில் போட்டு, மேலே சூரியன் படம் ஒட்டி, "வெயில் காளான்" என்று இரண்டு மடங்கு விலைக்கு விற்பான்.

காளான் வெயிலில், ஆட்கள் இருட்டில். இதில் யாருக்கும் எதுவும் கோணலாகத் தெரியவில்லை. வெட்டுக்கிளி மட்டும் ஒரு நாள் சொன்னாள்: "அடுத்த பிறவியிலயாவது காளானாப் பொறக்கணும்ணே. மத்தியானம் கொஞ்ச நேரம் வெளிய விடுவாங்க."

"பொறந்துடாதே. முழுசா வளர்றதுக்குள்ள உன்னை மாதிரி ஒருத்தி வந்து கழுத்தை அறுத்துடுவா," என்றார் குடை.

அதற்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு முதல் இருமல் வந்தது. வந்தது போகவில்லை. சாப்பாட்டுக்கு வந்த விருந்தாளி படுக்கையையும் விரித்துக்கொண்டது போல நெஞ்சில் தங்கிவிட்டது. உடம்பு இன்னும் மெலிந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். கடைசியில் அவர் மனைவி சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா சளியைப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், ரத்தத்தையும் பார்த்தார். டி.பி. என்றார். அதோடு வைட்டமின் டி-யும் தரைமட்டம்.

"இவ்வளவு கம்மியா நான் பார்த்ததே இல்ல. என்ன வேலை பாக்குறீங்க?"

"வைட்டமின் டி தயாரிக்கிற வேலைம்மா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னபோதும் குடையின் முகம் அப்படியேதான் இருந்தது, அதனால் டாக்டரம்மாவைக் குறை சொல்ல முடியாது.

"வைட்டமின் டி எலும்புக்கு வேணும், தசைக்கு வேணும். நோயை எதிர்த்து நிக்கிற சக்திக்கும் ஒத்தாசை பண்ணும்ங்கிறாங்க. எவ்வளவு தூரம் பண்ணும்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது. உங்களுக்குக் குறைவா இருக்கு, அதனால தர்றேன். ஆனா ஒண்ணு தெளிவாக் கேட்டுக்கோங்க. வீட்டுக் காவல்காரனுக்கு வயிறாரச் சாப்பாடு போடுற மாதிரிதான் அது. உள்ள புகுந்த திருடனைப் பிடிக்கிறது இந்த டி.பி. மாத்திரை. இதை ஒரு நாள் விடாம முழுக்க முடிக்கணும். பாதியில விட்டா திருடன் உங்களை விடப் பலசாலியா வருவான்."

"காவல்காரனுக்குச் சாப்பாடு மட்டும் போட்டா?"

"திருடன் அதையும் சேர்த்துச் சாப்பிடுவான்."

கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கொன்றாகச் சளி பிடிக்கிற டப்பாக்களைப் பையில் போட்டுக் கொடுத்தார். குடை அந்தப் பையைத் தம்பியின் மேஜை மேல் வைத்தார்.

தம்பி பையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"அண்ணே, உனக்கு மூளை இருக்கா? திங்கிற பொருள் விக்கிற இடம் இது. டி.பி.ன்னு ஒரு சொல் வெளிய போச்சுன்னா நாளைக்கு ஒரு நாய்கூட நம்ம காளானை மோந்து பாக்காது. அத்தனை பேர் வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிடும். உன் வீட்டுல முதல்ல."

"டப்பாவைக் கேப்பாங்களேடா."

"குடுத்துட்டாப் போச்சு."

தம்பி ஆரோக்கியமானவன். வெளிக்காற்று, நடைப்பயிற்சி, பழங்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ஒவ்வொரு டப்பாவிலும் அவனே துப்பினான். நடுவில் வாய் வறண்டபோது தண்ணீர் குடித்துக்கொண்டான். மூடி போட்டு, ஆள் பெயர் ஒட்டி, பையை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். குடை அதை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கூடம் முழுக்க ஒரே ஆளைப் போல ஆரோக்கியமாக இருக்கிறதே என்று சோதனைச்சாலைக்காரர் ஆச்சரியப்பட்டாராம். இது குடை சொன்னதல்ல, நிஜமாகவே நடந்தது.

கொஞ்ச நாள் வீட்டில் ஒதுங்கி இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவரைத் தம்பி கூடத்துக்குள் விடவில்லை. முற்றத்தில் தட்டுப் பரப்புகிற வேலை கொடுத்தான். ஒரு நிபந்தனை: மாத்திரை என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரக்கூடாது. அவர் விடியற்காலையில் வீட்டிலேயே விழுங்கிவிட்டு வருவார். மனைவி எதிரில் நின்று, வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று சரிபார்த்து அனுப்புவாள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. "இத்தனை வருஷம் ஈரத்துல நின்னதுல உள்ள துருப் பிடிச்சிருக்கு. கழுவிட்டு வருது," என்றார் அவளிடம்.

"நாக்குல பிடிச்ச துரு எப்பக் கழுவிப் போகுமோ," என்றாள் அவள்.

மாத்திரை தன் வேலையைச் செய்தது. காய்ச்சல் விட்டது, பசி வந்தது, கன்னம் உப்பியது. வெயிலில் நின்றதில் தோலுக்கும் ஒரு நிறம் வந்தது. சாப்பாட்டு வேளையில் வெளியே வந்தவர்கள் அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

"எப்படிண்ணே ஆளே மாறிட்டீங்க? என்ன சாப்பிடுறீங்க?" என்று வெட்டுக்கிளிதான் கேட்டாள்.

வெறுமனே "ஓய்வு எடுத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முகத்தை நிமிர்த்திக் காத்திருக்கிற பத்துப் பேர் முன்னால் அப்படியொரு சப்பென்ற பதிலைச் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் அவர்.

"வெயிலைத்தான் சாப்பிடுறேன்," என்றார்.

"அடிச்சு விடுங்க!"

"காளானுக்கு எங்கே படணும் வெயில்? செவுள்ல. மனுஷனுக்குச் செவுள் எங்கே இருக்கு? நெஞ்சுக்குள்ள. வழி எது? வாய். உச்சி வெயில்ல தலையை நிமிர்த்தி, வாயை நல்லாத் திறந்து வைக்கணும். முதல் நாள் சுடும். ரெண்டாம் நாள் இனிக்கும். ஒரு வாரத்துல உள்ள இருக்கிற இருமல் மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு, 'இங்க புழுக்கமா இருக்கு'ன்னு தானா இறங்கிப் போயிடும். போகும்போது என்கிட்ட வழிச்செலவுக்குக் கேட்டுச்சு."

வெட்டுக்கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் அறை ஜன்னலிலிருந்து கேட்ட தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு புகைப்படக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அந்த வயதுவரை குடையின் முகத்தை யாரும் கேட்டு வாங்கியதில்லை. பவுடர் பூசினார்கள். கையில் ஒரு கூடைக் காளான். பின்னால் செயற்கையாக ஒரு சூரியன். சுவரொட்டியில் எழுத்து இப்படி இருந்தது: "இருமல் போச்சு! மருந்தும் போச்சு! எனக்கு வெயில் காளானே போதும்."

"மருந்து போச்சுன்னு வேண்டாமேடா," என்றார் அவர்.

"நீ மருந்து சாப்பிட்டேன்னு யாருக்காவது தெரியுமா? தெரியாதுல்ல? அப்புறம் என்ன?"

அந்த வாதத்துக்குப் பதில் இருந்தது. ஆனால் சுவரொட்டியில் தன் முகம் அவ்வளவு லட்சணமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அது அவருக்கு உடனே கிடைக்கவில்லை. கடைவீதியில் ஒட்டினார்கள், பேருந்து நிலையத்தில் ஒட்டினார்கள். வீட்டுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியதைப் பார்த்து அவர் மனைவி ஒரு வாளித் தண்ணீரை விசிறிவிட்டு உள்ளே போனாள்.

அப்படியிருக்கையில் ஒரு நாள் உச்சிவேளையில், தட்டுகளைத் திருப்பப் போனவர் முற்றத்தின் மூலையில் வெட்டுக்கிளியைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண்ணை இறுக மூடி, வாயை அகலத் திறந்து வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து எலும்புக்கு மேல் இரண்டு குழி. முன்பு அங்கே குழி இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

"என்ன பண்றே?"

அவள் வாயை மூடி எச்சில் விழுங்கினாள். பிறகு இருமினாள். அந்த இருமலை அவருக்குத் தெரியும். கூடப் படுத்து எழுந்த இருமல்.

"உங்களுக்கு வந்த அதேதாண்ணே. நாளாச்சு. சாயங்காலம் காய்ச்சலும் அடிக்குது. நீங்க சொன்ன மாதிரிதான் பண்றேன். காளானும் தினம் சாப்பிடுறேன். எனக்கு இன்னும் இனிக்க ஆரம்பிக்கல." அவள் சிரித்தாள். "அன்னிக்கு நீங்க சொன்னப்ப கதைன்னுதான் நினைச்சேன். அப்புறம் சுவத்துல போட்டுட்டாங்களே."

குடை தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று வீட்டில் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவ செத்தா அந்தக் கூடைக் காளானை நீங்கதான் தலையில சுமக்கணும். போய்ச் சொல்லுங்க. நாளைக்கே சொல்லுங்க."

மறுநாள் சொன்னார். டி.பி. என்றார், மாத்திரை என்றார், டப்பாவில் துப்பியது யார் என்பதையும் சொன்னார். வெட்டுக்கிளி கவனமாகக் கேட்டாள். ஒவ்வொரு வரிக்கும் அவள் கண் விரிந்தது. முடித்ததும் கைதட்டினாள்.

"ஐயோ, எல்லா டப்பாலயும் முதலாளியே துப்பினாரா! நடுவுல தண்ணி வேற குடிச்சாரா! அண்ணே, இதுதான் நீங்க விட்டதுலயே உசத்தி."

"சத்தியமாம்மா."

"போன மாசம் மின்சாரக் கதைக்கும் சத்தியம் பண்ணீங்க."

அவர் கெஞ்சினார். கையைப் பிடித்து இழுத்தார். ஏதோ பைத்தியத்தைச் சமாதானப்படுத்துகிறவளைப் போல, கடைசியில் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு அவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வழியெல்லாம் இருமினாள். வெளித் தாழ்வாரத்தில் வரிசை நீளமாக இருந்தது. உட்காரப் புதிதாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதைத் தானமாகக் கொடுத்தவன் தம்பி. பெஞ்சுக்கு மேலே சுவரில், பவுடர் பூசிய முகத்தோடு, கையில் கூடையோடு, குடை சிரித்துக்கொண்டிருந்தார். மருந்தும் போச்சு.

வெட்டுக்கிளி சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலயே ஒட்டியிருக்காங்க. டாக்டருங்களுக்குத் தெரியாதா? எனக்குப் புரிஞ்சு போச்சுண்ணே. வேலை நேரத்துல வெயில்ல உக்காருறேன்னு முதலாளி கோவப்பட்டிருப்பார். எனக்கு டி.பி.ன்னு கிளப்பிவிட்டு வேலையை விட்டுத் தூக்கணும். அதுக்கு உங்களை அனுப்பியிருக்கார். மத்தவங்க வந்திருந்தாப் பரவால்ல. நீங்களா?"

"இரும்மா, டாக்டரம்மாவை வெளிய கூட்டிட்டு வர்றேன். அவங்க வாயாலயே கேளு."

அவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், திட்டு வாங்கி, டாக்டரம்மாவை வாசல்வரை கொண்டுவந்தபோது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். குடை பெஞ்சின் மேல் ஏறிச் சுவரொட்டியைக் கிழித்தார். தம்பி எதில் கஞ்சம் பிடித்தாலும் பசையில் பிடிக்கமாட்டான். உதடு மட்டும்தான் கையோடு வந்தது.

அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. டாக்டரம்மா அனுப்பிய நர்ஸ் இரண்டு முறை வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. குடை போனார். ஜன்னல் வழியாக அவள் குரல், "முதலாளிகிட்ட சொல்லுங்க, நானே நின்னுட்டேன்னு," என்றது. நாலு நாள் பாலுக்குக் கணக்குச் சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக. உள்முற்றத்தில் அவள் உச்சி வெயிலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மழை மாதம் வந்தது. வெயில் இல்லாத நாட்களில் காளானைக் கூடுதலாகச் சாப்பிட்டாளாம்.

லாரிக்காரன் நீண்ட ஓட்டம் முடிந்து வந்து பார்த்துவிட்டு, போர்வையோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கேள்விப்பட்டுக் குடையும் ஓடினார். டாக்டரம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாத்திரை ஆரம்பிச்சாச்சு. ஆனா அது வேலை செய்யறதுக்கு நுரையீரல்ல ஏதாவது மிச்சம் இருக்கணும்."

வெட்டுக்கிளி தலையணையில் சாய்ந்திருந்தாள். மூக்கில் குழாய். உள்ளங்கையில் மாத்திரைகள் இருந்தன.

"இதானா நீங்க தின்னது?"

"இதேதாம்மா."

"இவ்வளவு பெருசா இருக்கு." ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். "அன்னிக்கு நீங்க நிஜத்தைச் சொன்னப்ப உங்க மூஞ்சி திருட்டு மூஞ்சியா இருந்துச்சுண்ணே. கை நடுங்குச்சு, வேர்த்துச்சு. பொய் சொன்னப்போ எவ்வளவு நல்லா இருந்தீங்க."

அவர் தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவள் வாங்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவன் வந்து டம்ளரை வாங்கிக் கொடுத்த பிறகு குடித்தாள்.

மழை விடுவதற்குள் போய்விட்டாள்.

தம்பி கூடத்துக்கு அரைநாள் விடுமுறை விட்டான். ஆட்களைக் கூட்டி வைத்து, நல்ல வேலைக்காரி என்று இரண்டு வார்த்தை சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "காளானை ஒழுங்காச் சாப்பிட்டாளான்னு தெரியல. வெயில்லயும் சரியா நிக்கல போல. எல்லாம் ஒரு முறையாப் பண்ணணும்," என்றான். அதை அவன் மெய்யாகவே நம்பியதாகத் தெரிந்தது. அதுதான் குடைக்குத் தாங்கவில்லை.

எழுந்தார். எல்லாவற்றையும் சொன்னார். கதை போலச் சொல்லவில்லை. திக்கித் திக்கி, முன்னுக்குப் பின்னாக, டப்பா, மாத்திரை, சுவரொட்டி என்று கொட்டினார். தம்பி, "அண்ணனுக்குத் துக்கத்துல மூளை குழம்பிடுச்சு," என்றான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. பின் வரிசையில் யாரோ இருமினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். இருமியவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

படுக்கைக்கு உரம் கலக்குகிற பெரியம்மாள் கேட்டாள்: "அப்போ நீ மாத்திரை தின்னே. எங்களுக்குக் கதை குடுத்தே. அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"நல்லா இரு."

அன்று அத்தனை பேரும் அவரை நம்பினார்கள். கையைக்கூடக் கழுவாமல், மழை விட்ட வெயிலில் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். தம்பி வாசலில் நின்று கத்தியது கொஞ்ச தூரம்வரை கேட்டது. குடை பின்னால் நடந்தார். அவர் வேகமாக நடந்தால் முன்னால் போகிறவர்களும் வேகமாக நடந்தார்கள்.

தாழ்வாரத்தில் ஆளுக்கொரு டப்பா கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அவரும் கால் வலி தாளாமல் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பெரியம்மாள் முதலில் எழுந்தாள். பிறகு அவள் பக்கத்தில் இருந்தவன். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் எழுந்து, டப்பாவைக் கையில் பிடித்தபடி, கூரையில்லாத முற்றத்தில் இறங்கி வெயிலில் நின்றார்கள்.